தன்மை, முன்னிலை, படர்க்கை: மேல்மலையனூரிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை

மனநோய்ச் சிகிச்சையின் வரலாற்றைச் சங்கிலியில் ஆரம்பித்து மாத்திரையில் முடிகிற கதையாகச் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. முதலில் பூசாரி, அப்புறம் வெள்ளைக்கார டாக்டர், அப்புறம் மின்சாரம், அப்புறம் மாத்திரை, கடைசியாக மனித உரிமை. செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களிடம் சொல்லப்படுகிற சரித்திரமும் இதே அமைப்புதான்: கோனார், நாயக்கர், 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். ஒருத்தர் இறங்கினால்தான் இன்னொருத்தர் ஏறமுடியும். கோட்டைக்கு இது சரி. (அங்கேயும் முழுக்கச் சரியில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 'மராட்டிய ராணுவ நிலவெளிகள்' என்கிற தலைப்பின் கீழ்தான் சேர்த்தது. எந்த ஆட்சியின் பெயரால் ஓர் இடம் நினைக்கப்படவேண்டும் என்பதை அந்த இடத்தில் இருக்கிறவர்கள் தீர்மானிப்பதில்லை.) மனநோய் விஷயத்தில் யாரும் இறங்கிப்போகவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் ஆண்டுகொண்டிருக்கிறார்கள்.

செஞ்சி, வல்லம், அவலூர்ப்பேட்டை பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருத்தருக்கு மனசு சரியில்லாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். "காத்து பட்டுடுச்சி, அமாவாசைக்கு மலையனூர் இட்டுனு போ" என்று ஒரு குரல். "முண்டியம்பாக்கத்துல காட்டுங்க, ஊசி போடுவாங்க" என்று இன்னொரு குரல். கொஞ்சம் வசதி இருந்தால் பாண்டிச்சேரி, ஜிப்மர். தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பதும், கையில் கயிறு கட்டுவதும், ராத்திரி மாத்திரை கொடுப்பதும் ஒரே வாரத்தில் ஒரே ஆளுக்கு நடக்கிறது. எதுவும் கேட்காமல் போனால், 'எங்கயாவது விட்டுட்டு வந்துடலாம்' என்கிற நான்காவது வழியும் உண்டு. பழையது, புதியது என்று நாம் பிரித்துவைத்திருக்கிற எதுவும் அந்த வீட்டில் பிரிந்து கிடக்கவில்லை.

அப்படியானால் 'எப்படி மாறியது' என்கிற கேள்வியை எங்கே வைத்துக் கேட்பது? கருவிகளை வைத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தமிழ் இலக்கணம் படித்தவனுக்குத் தோன்றுகிற ஒரு வழியில் கேட்டுப்பார்க்கலாம். ஒவ்வொரு சிகிச்சை முறையிலும் யார் யாரிடம் பேசுகிறார்கள்? எந்த இடத்தில் பேசுகிறார்கள் – தன்மையிலா, முன்னிலையிலா, படர்க்கையிலா? பைத்தியம் என்று பெயரிடப்பட்டவர் 'நான்' என்று சொல்ல அங்கே இடம் இருக்கிறதா? இருந்தால் அந்த 'நான்' யாருடையது?

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'பைத்தியம்' என்பது பித்தத்தோடு உறவுள்ள சொல். பித்தநோய் என்பதுதான் அதன் மூலப்பொருள். பித்தம் தலைக்கேறியது என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆக, நாம் வசவாகப் பயன்படுத்துகிற சொல்லுக்குள் ஒரு மருத்துவக் கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது. உடலில் ஒரு நீர் மிஞ்சிவிட்டது, அதைத் தணிக்கவேண்டும் என்கிற கோட்பாடு. சித்த மருத்துவம் மனநோய்களைக் 'கிரிகை' என்று பெயரிட்டு 18 வகையாகப் பிரித்தது. பித்தத்தைத் தணிக்கத் தலையில் தேய்க்கிற அதே எலுமிச்சம்பழத்தைத்தான் பூசாரி காத்து கருப்புக்குச் சுற்றிப்போடவும் எடுக்கிறார். மருந்துக்கும் மந்திரத்துக்கும் நடுவே கோடு கிழிக்க வந்தவர்கள் அந்தப் பழத்தை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

பித்தன் என்பது சிவனின் பெயரும்கூட. இது வெறும் துதி அல்ல, இந்த மாவட்டத்தின் இரண்டு ஊர்களுக்கு இது தலபுராணம். ஒன்று திருவெண்ணெய்நல்லூர். கல்யாணத்தைத் தடுத்து, 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை காட்டின கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று சொன்னார். வழக்கு ஊர்ச்சபைக்குப் போனது, ஓலை சரிபார்க்கப்பட்டது, பித்தன் சொன்னதே உண்மை என்று தீர்ப்பானது. பித்தன் என்று பெயர்வாங்கியவர் ஒருவரின் வாக்குமூலத்தைச் சபை ஏற்றுக்கொண்ட அபூர்வமான வழக்கு இது. அவர் பிராமணக் கிழவராக வந்தார், கையில் எழுத்து இருந்தது, தவிர அவர் கடவுள். இந்த மூன்றும் இல்லாத பித்தர்களின் கதை வேறு.

இன்னொன்று மேல்மலையனூர். பிரம்மாவின் ஐந்தாவது தலையை அறுத்த பாவம், கபாலமாகச் சிவனின் கையில் ஒட்டிக்கொள்கிறது. பிச்சை எடுத்ததையெல்லாம் கபாலமே தின்றுவிட, சித்தம் கலங்கிச் சுடுகாடு சுடுகாடாக அலைகிறார். மலையனூரில் அம்மன் சோற்றை உருட்டி நிலத்தில் வீச, ருசி கண்ட கபாலம் கையைவிட்டுக் கீழே இறங்குகிறது. அவள் அதை மிதித்து அடக்குகிறாள். பிடித்தது விலகுகிறது, அவர் தெளிகிறார். மகாசிவராத்திரிக்கு மறுநாள் நடக்கிற மயானக்கொள்ளையின் கதை இதுதான். ஆகவே அங்காளம்மன் குணப்படுத்திய முதல் நோயாளி அவள் புருஷன். அவரைப் பிடித்ததற்கு அவள் சோறு போட்டுத்தான் இறக்கினாள் என்பதையும் குறித்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

அமாவாசை ராத்திரிகளில் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விட்டுக் கூட்டம் சேர்கிற இந்தத் தலத்தையும், அதைச் சுற்றியுள்ள செஞ்சிப் பகுதியையும் களமாகக் கொண்டு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆய்வு செய்தவர் இஸபெல் நபகோவ். பின்னால் இஸபெல் கிளார்க்-டிசேஸ் என்கிற பெயரில் எழுதினார். 1997இல் ஒரு கட்டுரையாகவும், 2000இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட 'தன்னிலைக்கு எதிரான சமயம்' என்று தமிழில் சொல்லத்தக்க நூலாகவும் அவர் முன்வைத்த வாசிப்பு, நம்முடைய ஊரைப்பற்றி நாம் அதிகம் விவாதிக்காத ஒன்று. அவர் பார்த்த பேயோட்டலில் பேய் பிடிக்கிறது பெரும்பாலும் கல்யாணமாகி அதிகநாள் ஆகாத பெண்களை. பிடிக்கிற பேய் பெரும்பாலும் ஆண். காலம் முடியாமல் செத்தவன், ஆசை தீராதவன், காதல் தோற்றுத் தன்னை முடித்துக்கொண்டவன். பம்பைக்காரர்கள் வந்து உட்கார்கிறார்கள். பம்பையும் உடுக்கையும் அடித்துப் பேயைப் பேசவைக்கிறார்கள்.

இங்கேதான் நம் இலக்கணம். கேள்விகள் எல்லாம் முன்னிலையில் வருகின்றன. யாரு நீ? எந்த ஊரு? எங்க புடிச்ச? என்ன வேணும்? எப்பப் போவ? பதில் தன்மையில் வருகிறது. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து 'நான்' வருகிறது, ஆனால் அந்த 'நான்' செத்துப்போன ஓர் ஆணின் பெயரைச் சொல்கிறது. அவன் இவளை ஆசைப்பட்டான், இன்ன இடத்தில் பார்த்தான், கூடவே இருக்கிறான், போகமாட்டான். அடி, அதட்டல், பேரம். கடைசியில் போகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அவள் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு புளியமரத்துக்கு ஓடவேண்டும். பேய் அடைபட்ட மயிர்க்கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடிக்கிறார்கள். ஓடிப்போனவன் ஆணியில் மாட்டிக்கொண்டான். திரும்பி வருகிறவள் மனைவி.

நபகோவ் இதைக் 'குணமாதல்' என்று கொண்டாடவில்லை. புருஷன் வீட்டில் ஒட்டமுடியாத, படுக்கையை மறுக்கிற, தனியாக அலைகிற பெண்ணின் விலகலைச் சடங்கு ஒரு கள்ளக்காதலாக மொழிபெயர்த்துவிடுகிறது என்கிறார். அவளுக்குள் இருக்கிற மறுப்பு அவளுடையது இல்லை, எவனோ ஒருத்தனுடையது என்று அவளையே சொல்லவைத்து, பிறகு அவனை விரட்டி, அவளை அவள் இடத்தில் திரும்பப் பொருத்துகிறது. நூலின் தலைப்பு சொல்வது இதைத்தான்.

இந்த வாசிப்பை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். விரட்டுவதற்கு முன்னால் பேசவிடவேண்டும் என்கிற நிபந்தனை சடங்குக்குள்ளேயே இருக்கிறது. பேசாத பேயை ஓட்டமுடியாது. புருஷனும் மாமியாரும் பங்காளிகளும் உட்கார்ந்திருக்க, எனக்கு இந்த வீடு வேண்டாம் என்பது நள்ளிரவில் உரக்கச் சொல்லப்படுகிறது, எல்லாரும் கேட்கிறார்கள். சொன்னது அவள் இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதால்தான் சொல்ல முடிந்தது. விடிந்ததும் அதற்கு அவள் பொறுப்பில்லை. இது விடுதலை இல்லை. ஆனால் ஒரு குடும்பம் தன்னைப்பற்றிய குற்றச்சாட்டை முழுசாகக் கேட்டாகவேண்டிய ஒரு ராத்திரி. இதே பம்பைக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தில் செத்தவர்களைப் பூவாடைக்காரியாக வீட்டுக்குள் அழைக்கவும் அடிக்கிறார்கள். அந்நியச் சாவை வெளியே தள்ளுவதும் சொந்தச் சாவை உள்ளே கொண்டுவருவதும் ஒரே தோல்கருவி. துக்கத்துக்கு ஒரு மொழி இருந்தது என்பதற்கு மேல் இதைப் புகழவேண்டியதில்லை, அதற்குக் கீழ் இறக்கவும் வேண்டாம்.

நம்முடைய பகுத்தறிவு மரபு இந்த இடத்தில் பாதிவேலையோடு நின்றுவிட்டது. பேய் இல்லை என்று சொன்னது சரி. ஓட்டுகிறவன் அடிக்கிறான், காசு பிடுங்குகிறான், பெண்ணை அவமானப்படுத்துகிறான் என்று சொன்னதும் சரி. பேய் இல்லையென்றால் அந்த ராத்திரி பேசியது யார் என்று மட்டும் கேட்கவில்லை. பேயின் வாயை அடைத்தபோது கூடவே அவள் வாயும் அடைபட்டது. மறுபக்கம், எண்பது தொண்ணூறுகளில் ஃபூக்கோவைப் படித்துவிட்டு 'நாட்டார் சிகிச்சை' என்று நெகிழ்ந்துபோன நம்மாட்களும் ஆணியைப் பார்த்தார்கள், ஆணியில் மாட்டியிருந்த மயிர் யாருடையது என்று பார்க்கவில்லை. 1961இல் வந்த ஃபூக்கோவின் நூல் சொன்னது, பைத்தியத்தைப்பற்றிப் பகுத்தறிவு தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது என்பது. 1963இல் தெரிதா திருப்பிக் கேட்டார்: பைத்தியத்தின் வரலாற்றை நீ எந்த மொழியில் எழுதுகிறாய், அதுவும் பகுத்தறிவின் மொழிதானே? தமிழில் இந்தச் சண்டையை நாம் அறிமுகப்படுத்தினோம், மேற்கோள் காட்டினோம். மலையனூருக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை.

வணிக சினிமா எடுத்துக்கொண்டு போனது. 2005இல் வந்த 'சந்திரமுகி'யை (1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' கதை) மூடநம்பிக்கைப் படம் என்று சிலரும், மனநல விழிப்புணர்வுப் படம் என்று சிலரும் பேசினார்கள். அது நபகோவின் ஆய்வேட்டுக்கு எடுத்த உதாரணம் மாதிரி இருக்கிறது. புது மனைவி, வேறு ஒருத்தியின் மொழியில் பேசுகிறாள், புருஷனைக் கொல்ல விரும்புகிறாள். மனநல மருத்துவர் நோயின் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிறார், ஆனால் குணப்படுத்துவது சடங்கின் நாடகத்தால், மந்திரவாதியும் உதவிக்கு வர. அவள் விரும்பிய கொலை பொம்மைமேல் நடக்கிறது. தெளிந்த மனைவி புருஷனிடம் ஒப்படைக்கப்படுகிறாள். டாக்டருக்கும் பம்பைக்காரருக்கும் நோக்கத்தில் எந்தச் சண்டையும் இல்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். சென்னையில் 1794இல் வாலண்டைன் கானலி என்கிற அறுவை மருத்துவர் தொடங்கிய பைத்தியக்கார விடுதி, கிழக்கிந்தியக் கம்பெனி வாடகை கொடுத்த ஒரு தனியார் ஏற்பாடு. நோயைக் குணப்படுத்துகிற தொழிலுக்கு முன்னால், வைத்துப் பராமரிக்கிற தொழில் வந்துவிட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. 1912இன் இந்தியப் பைத்தியச் சட்டம் அதை நீதிபதி, போலீஸ், கண்காணிப்பாளர் என்கிற கோட்டுக்குள் கொண்டுவந்தது. 1922இல் பெயர் மனநோய் மருத்துவமனை என்று மாறியது. ஆனால் ஃபூக்கோ 1656க்குப் பின்னான பாரிசில் கண்ட 'பெரும் அடைப்பு' இங்கே நடக்கவே இல்லை. தென்னார்க்காட்டின் பைத்தியங்களில் மிகப்பெரும்பான்மையோர் கீழ்ப்பாக்கத்தைப் பார்த்ததே கிடையாது. அவர்கள் பார்த்தது அந்தச் சொல்லை. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று ஓர் ஊர்ப்பெயர் வசவாக, செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேர்ந்தது. காலனிய மனமருத்துவம் நம் கிராமங்களுக்குச் செய்த முதல் சேவை இதுதான் என்றால் கசப்பாக இருக்கும், ஆனால் பொய்யில்லை.

மருந்து வந்தது 1950களில். 1952இல் பாரிசில் தலேயும் தெனிக்கரும் குளோர்புரோமசைனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு 21 வருஷம் முன்பே, 1931இல், கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்குக் கொடுத்து எழுதியிருந்தார்கள். அந்த வேரிலிருந்து ரிசர்ப்பைனைச் சுவிஸ் கம்பெனி 1952இல் பிரித்தெடுத்து, 1954இல் நேதன் கிளைன் அமெரிக்காவில் பயன்படுத்திய பிறகுதான் உலகம் கவனித்தது. இதைச் சொல்லி 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. இருந்ததை யார் எழுதினால் ஏறும் என்பதுதான் விஷயம்.

மாத்திரைக்கு எதிராகப் பேசுகிற சொகுசு எனக்கு இல்லை. கட்டிப்போடப்பட்டிருந்த எத்தனையோ பேரை அது வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது. 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் மாறுபட்டு, 70லிருந்து 92 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று கண்டது. இந்த நிலையில் எதிர்-மனமருத்துவம் பேசுவது பட்டினி கிடக்கிறவனிடம் உபவாசத்தின் மேன்மை பேசுவது. ஆனால் மாத்திரை எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்க்கலாம். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் வழி, மனநல மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறித்த நாளில் வந்துபோவது. வரிசை நீளமாக இருக்கிறது, ஆளுக்கு மூன்று நிமிஷம். எதிரே நாற்காலியில் நோயாளி. கேள்வி பக்கத்தில் நிற்கிற அண்ணனிடம்: "தூங்குறாங்களா? மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா? தனியாப் பேசுறாங்களா?" முழுக்கப் படர்க்கை. மரியாதைப் பன்மைகூட இருக்கிறது, முன்னிலை இல்லை. பம்பைக்காரர் ஒரு ராத்திரி முழுக்க 'நீ யார்' என்று கேட்டார், தப்பான ஆளைக் கேட்டார். டாக்டருக்கு ஆள் யார் என்று சரியாகத் தெரியும், ஆனால் அவரைக் கேட்பதில்லை. அந்தப் பெண் தனியாகப் பேசுகிறாளா என்பது குறிப்பேட்டில் ஏறும். என்ன பேசுகிறாள் என்பது ஏறாது. டாக்டர் கெட்டவர் என்பதல்ல இது. மூன்று நிமிஷத்தின் இலக்கணம் இது.

2001 ஆகஸ்ட் 6 விடியலில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநல இல்லம் எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். 1999 டிசம்பரில்தான் 'சேது' அந்தச் சங்கிலியைக் காட்டியிருந்தது. தெளிந்துவிட்டவன் தெளிந்துவிட்டேன் என்று யாரிடமும் நிறுவமுடியாமல் தப்பித்து ஓடி, வெளியே எல்லாம் முடிந்துபோயிருக்க, தானாகத் திரும்பிப்போகிற படம். அதைக் காதல்தோல்விப் படமாகப் பார்த்து அழுதோம். ஏர்வாடியில் 'நான்' என்பதற்கு எந்த இடமும் இல்லை. பைத்தியம் என்று பெயர் வைத்துவிட்டால் அலறலும் நோய்க்குறிதான். தீ என்று கத்துவதற்கும் சும்மா கத்துவதற்கும் வித்தியாசம் கேட்கிற காது அந்த ஏற்பாட்டில் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. அரசு இல்லங்களை மூடி, இருந்தவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. தர்கா என்ன செய்தது என்று எல்லாரும் கேட்டார்கள். எரிந்தது தர்கா இல்லை. தர்காவை நம்பி வந்த குடும்பங்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பூட்டிவைத்த தனியார் கொட்டகை. பெல்ஜியத்தின் ஹேல் என்கிற ஊரிலும் இதே அமைப்பு உண்டு. புனித டிம்ப்னாவின் கோவிலுக்கு வந்த பைத்தியங்களை ஊர்க்குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொண்டன, 1930களில் அப்படி இருந்தவர்கள் 3,000க்கு மேல். ஒரே வடிவம், ஓரிடத்தில் சாப்பாட்டு மேசை, ஓரிடத்தில் சங்கிலி. பக்திக்கும் அறிவியலுக்கும் நடுவே மட்டும் இதைத் தேடினால் கிடைக்காது.

ஏர்வாடி நடந்து ஒரு வருஷத்துக்குள், 2002இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரைக் கணக்கெடுத்தது அது. பெரும்பாலோருக்குக் கடுமையான மனப்பிளவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், மருந்து இல்லை. நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கோவில்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு துள்ளவேண்டியதில்லை. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழு கிடையாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே பேயோட்டலும் இல்லை, விசேஷ மந்திரமும் இல்லை. வீட்டு ஆள் ஒருத்தர் கூடத் தங்குகிறார். கோவிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரிச் சின்ன வேலைகள். காசு வாங்குவதில்லை. அங்காளம்மன் கபாலத்தை இறக்கச் சோறுதான் போட்டாள் என்றேன் அல்லவா.

இங்கே செஞ்சிக்காரர்கள் வேறு எங்கும் பார்க்கவேண்டாம். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமம் இருந்தது. காணாமல்போன ஒரு முதியவரைத் தேடி உறவினர் தரப்பில் உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவில்தான் 2023 பிப்ரவரியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. உரிமம் இல்லாமல் நடந்த அந்த இடத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். மனநோயாளிகள், ஆதரவற்ற முதியவர்கள், தெருவில் அலைந்தவர்கள். அடித்தார்கள், கட்டிப்போட்டார்கள், பாலியல் வன்முறை செய்தார்கள் என்று புகார்கள். சிலரை வேறு மாநிலத்து இல்லத்துக்கு அனுப்பினோம் என்றார்கள், அங்கே ஆள் இல்லை. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஆட்கொணர்வு என்கிற சொல்லை யோசியுங்கள். சட்டம் கேட்டது உடலை. உடலை ஒப்படைக்க முடியாமல்தான் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்த பெண்கள் அதற்கு முன்னால் யாரிடமும் எதுவும் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? சொன்னால் அது 'பைத்தியம் உளறுது'. தலையை எண்ணும்போது குறைந்ததுதான் குற்றமானது. படர்க்கைக்கும் கீழே ஓர் இடம் இருக்கிறது, அதன் பெயர் எண்ணிக்கை. இது பழங்காலத்து மூடத்தனம் இல்லை, 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29இல் அமலுக்கு வந்து நான்கரை வருஷத்துக்கு அப்புறம் வெளிப்பட்டது.

அந்தச் சட்டத்தை நம் ஆட்கள் சரியாகப் படிக்கவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் (அமலுக்கு வந்தது 1993) அடைக்கிற நடைமுறையை ஒழுங்குபடுத்தியதோடு நின்றது. 2017இன் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்றது. மயக்கமருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி கூடாது என்றது. 1938இல் ரோமில் தொடங்கிய வைத்தியத்துக்கு, நம் சினிமா மிரட்டல் காட்சியாகவே காட்டிய ஒன்றுக்கு, சட்டம் இங்கே வரம்பு கட்டியது. இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் அதன் ஐந்தாவது பிரிவு. வயது வந்த யாரும், நாளைக்கு எனக்கு மனநோய் வந்தால் எனக்கு இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். என் சார்பில் முடிவெடுக்க இவரை நியமிக்கிறேன் என்று பதினாலாவது பிரிவின்படி பெயர் குறிக்கலாம். சட்டத்தின் வரலாற்றில் பைத்தியத்துக்குத் தன்மை ஒருமை கிடைத்த முதல் இடம் இது. திருவெண்ணெய்நல்லூர்ப் பித்தன் கையில் இருந்த மாதிரி, ஓர் ஓலை.

செஞ்சி வாரச்சந்தையில் நின்று இதைப்பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லவேண்டியதில்லை. எழுதிவைக்காதவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் நடைமுறை. நியமனம் இல்லாதபோது முதல் இடம் உறவினருக்கு. கல்யாணமான பெண் என்றால் அந்த உறவினர் பெரும்பாலும் யார்? புளியமரத்தடியில் காத்திருந்தவர். அவர் விண்ணப்பித்தால், மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மனநல நிபுணரோ மருத்துவரோ பரிசோதித்த பிறகு முப்பது நாள் வரை அவளைச் சேர்த்துவைக்கலாம். மறுபரிசீலனைக்கு வாரியம் உண்டு, முறையீடு உண்டு, எல்லாம் உண்டு. நம் பெண்கள் அமைப்புகள் வரதட்சணை வழக்கில் காட்டுகிற கவனத்தை இந்தப் பிரிவுகளில் இன்னும் காட்டவில்லை. 'அவளுக்கு மெண்டல்' என்பது விவாகரத்து மனுக்களில் எத்தனை சுலபமாக வருகிறது என்று எந்தக் கீழமை நீதிமன்ற வராந்தாவிலும் கேட்கலாம்.

கடைசியாக நம்மைப்பற்றி, சிறுபத்திரிகைக்காரர்களைப்பற்றி. தமிழ் நவீன இலக்கியத்தில் பித்து ஒரு பட்டம். புனைபெயரிலேயே பித்தனை வைத்துக்கொண்ட மேதையிலிருந்து அது ஆரம்பிக்கிறது. எழுத்தாளனின் நிலைகுலைவை நாம் உன்னதமாக்கினோம். 'ழ' நடத்திய ஆத்மாநாம் மனநோயோடு போராடி 1984இல் 33 வயதில் தன்னை முடித்துக்கொண்டார். அவர் கவிதைகளில் நோயின் தடயம் தேடிய அளவுக்கு, மருந்து சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, பத்திரிகையும் நடத்துவது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கோபி கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். உளவியல் படித்தவர், தானே மனநலச் சிகிச்சையில் இருந்தவர், 2003இல் இறந்தவர். கேள்வி கேட்கிற நாற்காலி, கேட்கப்படுகிற நாற்காலி இரண்டிலும் உட்கார்ந்தவர் தமிழில் அவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன். மனநோயாளிகளை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்று பெயர். அந்த நாவலை ஒரு நோயாளியின் ஆவணமாக, பரிதாபமாக, நம் விமர்சனம் வாசித்தது. அவருடைய நடையின் வறட்சியைக் கலைக்குறை என்றோம். உணர்ச்சியைக் கூட்டாமல், அலறலாக ஆக்காமல், அலுவலகக் குறிப்பின் தொனியில் ஒருவர் 'நான்' என்று சொல்லும்போது, அலறினால் மட்டும் நம்புகிற காதுகளுக்கு அது எட்டவில்லை. மேல்மலையனூரில் பம்பை அடித்தால்தான் பேச்சு வரும். இவர் பம்பை இல்லாமல் பேசினார். அவர் நூல்களைப்பற்றி இதுவரை வந்த மதிப்புரைகளை ஒருமுறை எடுத்துப்பாருங்கள், எத்தனை வாக்கியம் அவரைப்பற்றி, எத்தனை வாக்கியம் அவர் எழுதியதைப்பற்றி என்று.